கிளட்சில் ஒரு பித்தளைப் பின்

அந்த மோரிஸ் மைனரைப் பார்த்தால் ஆளைக் கொன்ற வண்டி என்று சொல்ல மாட்டீர்கள். போலீஸ் ஸ்டேஷன் வளாகத்து வேப்பமரத்தடியில், கூரையெல்லாம் காக்கை எச்சத்தோடு, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது.

"கொலைகாரன் மாதிரியா இருக்கு? பென்ஷன் வாங்க வந்து, ஆபீசுக்கு லீவுன்னு தெரியாம உக்காந்திருக்கிற ஹெட்மாஸ்டர் மாதிரில்ல இருக்கு" என்றாள் பல்கீஸ்.

பல்கீஸ் என் மனைவி. அதற்கு முன்பே என் மாமன் மகள். விருதுநகரில் எங்கள் மோட்டார் சாமான் கடை நொடித்துப் போன பிறகு, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரிக்கப் போனேன். அப்படியே துப்பறியும் வேலையும் ஒட்டிக்கொண்டது. சம்பளமில்லாத உதவியாள் என்று தனக்குத்தானே பதவி கொடுத்துக்கொண்டு, என் பழைய ஸ்கூட்டரின் பின் சீட்டில் அவள் ஏறிக்கொண்டாள். துப்பில் பாதி அவள் கண்டுபிடித்தது. கேலி முழுக்க அவளுடையது.

இந்த வழக்கில் எங்களுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சனிக்கிழமையும் மறுநாள் ஞாயிறும்தான். திங்கட்கிழமை குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிடும். டிரைவர் நாகையா மேல் கொலை வழக்கு.

நடந்தது சுருக்கமானது. சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருந்த லட்சுமிகாந்தம், ஆசைப்பட்டு இந்தப் பழைய காரை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஆமத்தூர் பக்கம் இருந்த தோட்ட வீட்டு ஷெட்டில் அவரே சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவார். ஹேண்ட் பிரேக் எப்போதோ செத்துப் போனதால், வண்டியை முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்தி வைப்பார்கள். கிளட்சை மிதித்துக்கொண்டுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை நாகையா ஸ்டார்ட் செய்தார். முன்னால் எலுமிச்சம்பழத்தோடு முதலாளி குனிந்திருந்தார். வண்டி ஒரே பாய்ச்சல். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் லட்சுமிகாந்தம்.

"கிளட்ச் திடீர்னு விழுந்துருச்சுய்யா, கால் தரையில போயி இடிச்சுது" என்று நாகையா அழுதார். ஆனால் வண்டியைப் பரிசோதிக்க வந்த அதிகாரி மிதித்துப் பார்த்தார். கிளட்ச் நன்றாக வேலை செய்தது. அதற்கு மேல், விபத்துக்கு முந்தின நாள் சாயந்தரம், அச்சகத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி நாகையா முதலாளியிடம் கத்தியிருந்தார்: "இந்த வண்டி ஒரு நாள் ஆளைக் கொல்லத்தான் போகுது, பாத்துக்கோங்க!"

கிளட்ச் நன்றாக இருக்கிறது என்றால், கால் வேண்டுமென்றே எடுக்கப்பட்டது என்றுதானே அர்த்தம்?

அன்று காலை ஆமத்தூரில் நாகையா வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மகள் மாரிசெல்விதான் எங்களைத் தேடி வந்தவள். தாய் இல்லாத பெண். தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், குழாய்க்குள் வெடிமருந்தைக் கம்பியால் குத்திக் கெட்டிக்கிற வேலை பார்த்தவள். கம்பெனி, இறந்தவரின் மகன் கதிரவனுடையது. அப்பனை உள்ளே வைத்த மறுநாளே வேலையும் போய்விட்டது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது காற்றில் பின்கதவு படாரென்று அடித்தது. பல்கீஸ் எழுந்து போய், கொண்டியில் ஒரு வேப்பங்குச்சியைச் சொருகிவிட்டு வந்தாள்.

"ஏ புள்ள, முன்வாசல்ல பளபளன்னு பித்தளைத் தாழ்ப்பாள். பின்வாசல்ல பல்லு விளக்குற குச்சியா? திருடன் வந்தா பல்ல விளக்கிட்டு உள்ள வரட்டும்னா?"

"பழசு எங்கனயோ காணாமப் போச்சுக்கா" என்றாள் மாரிசெல்வி. சிரிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "பாய், எல்லாரும் வண்டிய மேலாக்கத்தான் பாத்தாக. நீங்க அடியில படுத்து ஒரு தடவை பாருங்க" என்றாள்.

அதனால்தான் இப்போது நான் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஊர்க்காவலன் வராந்தாவில் நின்றபடி டீயை ஆற்றினார். நல்ல மனிதர். தூங்கி நாளாகிவிட்ட முகம்.

"பாய், படுக்கிறது சரி. எந்திரிச்சிருவீகளா, இல்ல நாலு கான்ஸ்டபிளக் கூப்பிடவா?"

"நாலு பேரு எதுக்கு சார்? நான் ஒருத்தி போதும். தினம் காலையில செய்யிற வேலைதானே" என்றாள் பல்கீஸ்.

"எதையும் கழட்டக் கூடாது. பாக்கலாம், அம்புட்டுத்தான்."

அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து தோல் மாதிரிப் படிந்திருந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டே போனேன். இந்த வண்டியில் கிளட்ச் ஏற்பாடு எளிமையானது. மிதியை அழுத்தினால், அதன் கீழ் நுனி ஒரு கம்பியை இழுக்கும். கம்பி ஒரு நெம்புகோலை அசைக்கும். நெம்புகோல் கிளட்சை விலக்கும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சின்னப் பின். சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. அது போனால் கால் வெறும் காற்றை மிதிக்கும்.

மூட்டுகள் எல்லாம் தேய்ந்து தளர்ந்திருந்தன. பின் போகிற துளை வட்டமாக இருந்த காலம் மலையேறி, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. நெம்புகோல் துளைக்குள் இருக்கிற உள்வளையம், புஷ், கரைந்து பேப்பராகியிருந்தது. இதைச் சரிசெய்ய வழி உண்டு. துளையை வெல்டு வைத்து அடைத்து, புதிதாகத் துளை போட்டு, புஷ் மாற்றி, நல்ல எஃகில் பின் கடைந்து போட வேண்டும். ஒரு நாள் வேலை. நாகையா ஆறு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாக மாரிசெல்வி சொன்னாள். "சீசன் முடியட்டும்ப்பா" என்பாராம் முதலாளி. சிவகாசியில் எல்லா நல்ல காரியங்களும் சீசன் முடியட்டும் என்று காத்திருப்பவைதான்.

கடைசி மூட்டில் கைக்குட்டையால் பிசுக்கைத் துடைத்தேன். டார்ச் வெளிச்சத்தில் மஞ்சளாக ஏதோ மின்னியது.

"பல்கீஸ், கிழட்டு வாயில தங்கப் பல்லு" என்றேன்.

"என்ன மச்சான்?"

"துளையெல்லாம் தேஞ்சிருக்கு. அதுக்குள்ள இருக்கிற பின் மட்டும் புதுசு. பித்தளை."

அவள் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே மண்ணில் படுத்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் டீயை விழுங்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓட்டை தேயறப்ப பின்னும் கூடவே தேஞ்சிருக்கணும். புருசன் பொஞ்சாதி மாதிரி" என்றாள் அவள், டார்ச்சை வாங்கி அடித்தபடி. "இதுல புருசன் கிழவன், பொஞ்சாதி கொமரி. அப்ப இது ரெண்டாம் தாரம். யாரோ சமீபத்துல மாத்தியிருக்காக."

"யாரு மாத்தினாலும் கடையில மாத்தலை. ஒரு மெக்கானிக்கும் கிளட்சுல பித்தளை போட மாட்டான். ரெண்டு வாரத்துல பிஞ்சு வந்துரும்."

"இங்கன பாருங்க."

பின்னின் ஒரு முனையை ரம்பத்தால் அறுத்து, கல்லால் தட்டித் தலையாக்கியிருந்தார்கள். லேத்தில் கடைந்தது அல்ல. மறு முனையில் ஒரு துளை. பின் கழன்று விடாமலிருக்க அதில் ஸ்பிளிட் பின் போடுவது வழக்கம். இங்கே அதற்குப் பதில் செம்புக் கம்பியை முறுக்கியிருந்தார்கள். இரும்பைத் தொட மாட்டேன் என்று யாரோ விரதம் இருந்தது போல.

"மச்சான், இன்னொண்ணு" என்றாள். "பின் புதுசுங்கிறீக. ஆனா அந்த ஓட்டை பழசா இருக்கு."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. செம்புக் கம்பி போன துளையின் விளிம்பு, ஒரு பக்கம் மட்டும், வழவழவென்று தேய்ந்து பள்ளமாகியிருந்தது. செம்புக் கம்பி அசையாமல் இறுக்கமாக இருந்தது. அது தேய்த்த தேய்மானம் இல்லை. மெல்லிய ஏதோ ஒன்று வருஷக்கணக்காக உரசிய தடம்.

நான் எழுந்தேன். அதாவது, அவள் எழுப்பினாள்.

"சார், விபத்துக்குப் பிறகு யாரோ இந்தப் பின்னை மாத்தியிருக்காக. பழைய பின் அன்னைக்கு உடைஞ்சிருக்கு. நாகையா சொன்னது நிசம்."

ஊர்க்காவலன் டம்ளரைக் கவிழ்த்தார். "பாய், புதுப் பின் இருக்குன்னு நீங்க சொல்றீக. விபத்துக்கு முன்னாடியே அந்த டிரைவரே மாத்தியிருந்தா? உடைஞ்ச பின்னக் கொண்டு வாங்க. இல்ல, மாத்தின ஆளக் கொண்டு வாங்க. திங்கக்கெழம காலையில நான் கோர்ட்ல நிக்கணும்."

*

சாத்தூர் ரோட்டில் ஒரு டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். நிறுத்தும்போது கிளட்ச் கேபிள் கிறீச்சென்று சத்தம் போட்டது. நுனியில் இழைகள் பிரிந்து மாதக்கணக்காகிவிட்டது.

"ஊரு வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீக" என்றாள் பல்கீஸ். "நம்ம வண்டிக்கு எப்ப? சீசன் முடிஞ்சா?"

"நாளைக்கு."

"நாளைக்குங்கிறது உங்க ஊருல ஒரு மாசப் பேரு போல."

டீ வந்தது. நான் வரிசைப்படுத்திப் பார்த்தேன். அந்த ஷெட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று மகன் கதிரவனிடம். இன்னொன்று நாகையா வீட்டு ஆணியில். விபத்து நடந்தது வெள்ளி காலை. போலீஸ் நாகையாவை அழைத்துக்கொண்டு போனது. பரிசோதிக்கிற அதிகாரி வந்தது திங்கட்கிழமை. நடுவில் வண்டி பூட்டிய ஷெட்டுக்குள் இருந்தது.

"பித்தளையும் செம்பும்தான் கையில வரும், இரும்பு வராதுன்னா அது யாரு?" என்றேன்.

"பட்டாசுக் கம்பெனி ஆளு" என்றாள், யோசிக்காமல். அந்தப் பக்கத்தில் அதைச் சிறு பிள்ளையும் சொல்லும். மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு கூடாது. இரும்பு உரசினால் பொறி. கெட்டிக்கிற கம்பி பித்தளை, கத்தி பித்தளை, ஆணி செம்பு. தலைக்குக் குத்துகிற ஊக்குகூட வாசலோடு நின்றுவிடும்.

"கதிரவனுக்குக் கம்பெனி இருக்கு. சாவி இருக்கு. நாகையாவ உள்ள வைக்கணும்ங்கிற கோவமும் இருக்கு. அப்பா ஆறு மாசமா வண்டியைச் சரி பண்ணாம வச்சிருந்து அதாலயே செத்தாருன்னு வந்தா குடும்பத்துக்கு அவமானம். டிரைவர் கொன்னான்னா பரிதாபம்."

பல்கீஸ் டீயின் மேலிருந்த ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பழைய ஓட்டை இடிக்குது மச்சான். கம்பெனிக் கம்பில ஓட்டை எதுக்கு?"

களைப்பாக இருந்தது. பதில் தெரியாதபோது கிளம்பிப் போவது என் வழக்கம்.

*

தாயில்பட்டியைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளாகக் கம்பெனி பரந்து கிடந்தது. வாசலில் ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஆண்களை ஒரு காவலாளி தடவிப் பார்க்க, பெண்கள் பக்கம் குருவம்மாள் என்கிற கனத்த பெண் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பெரிய தகர டின்.

"தலையில குத்தியிருக்கிற ஊக்க எடுங்க மதினி" என்றாள் பல்கீஸைப் பார்த்து.

"எடுத்தா முக்காடு நிக்காது தாயி. சத்திய சோதனையால்ல இருக்கு."

"முக்காடு விழுந்தா தூக்கிப் போட்டுக்கிடலாம். கம்பெனி விழுந்தா யாரு தூக்குறது?" குருவம்மாள் ஊக்கை வாங்கி டின்னில் போட்டாள். கிண் என்று சத்தம்.

அலுவலக அறை வாசலை ஒட்டியே இருந்தது. கதிரவன் மொட்டையடித்த தலையோடு உட்கார்ந்திருந்தான். முப்பது சொச்சம் வயது. கண்ணுக்குக் கீழே கருப்பு. மேசை மேல் ஆர்டர்கள் அப்படியே கிடந்தன.

நான் சுற்றி வளைக்கவில்லை. பின்னைப் பற்றிச் சொன்னேன். சாவியைப் பற்றிச் சொன்னேன்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கொட்டாவி விட்டான். இழப்பு வந்த வீட்டில் தூக்கம் வராது, கொட்டாவி மட்டும் வரும்.

"பாய், அன்னைக்கு மத்தியானம் பூரா நான் பெரியாஸ்பத்திரி சவக்கிடங்கு வாசல்ல நின்னேன். சாயந்தரம் சுடுகாடு. மறுநாள் காடாத்து. ஊரே கூட இருந்துச்சு. இதுல எப்பப் போயி வண்டிக்கு அடியில படுக்க?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அதுவும் போக, எனக்கு அந்த வண்டில கிளட்ச் எது, பிரேக் எதுன்னே தெரியாது. அப்பா தொடவே விட மாட்டாரு. நாகையா அண்ணன்தான்..." சட்டென்று நிறுத்தினான். கொலைகாரனை அண்ணன் என்று சொல்லிவிட்டதை அவன் காதே கேட்டுவிட்டது.

பிறகு மெதுவாகக் கேட்டான். "நிசமாவே கிளட்ச் உடைஞ்சுதா பாய்?"

"உடைஞ்சுது."

"ஆறு மாசமா அவரு கேட்டுக்கிட்டிருந்தாரு. எனக்குத் தெரியும்" என்றான். சன்னலுக்கு வெளியே, பெண்கள் வெறுங்காலோடு அறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தோம். என் கையில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை மட்டும் இருந்தது.

குருவம்மாளுக்குப் பின்னால் வாசல் கதவின் நிலையிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. கயிற்றின் நுனியில் ஒரு பித்தளைக் கம்பி. கதவைச் சாத்தினால் கொண்டியில் சொருகுகிற தாழ்ப்பாள். தொலைந்து போகாமலிருக்கக் கம்பியின் முனையில் துளை போட்டுக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். காற்றில் அது மெல்ல ஆடியது. கயிறு துளையில் உரசிக்கொண்டே இருந்தது.

பல்கீஸ் அதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கேலி செய்யப் போகிற முகம் இல்லை.

"தாயி, இது என்ன கம்பி?" என்று குருவம்மாளிடம் கேட்டாள்.

"மருந்து கெட்டிக்கிற கம்பிதான் மதினி. தேஞ்சு போனா ஆளுக்கு ஒண்ணு வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். இந்தப் பக்கம் எந்த வீட்டுலயும் இதான் தாழ்ப்பாள். துருப்பிடிக்காதுல்ல."

பல்கீஸ் என் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"மச்சான், காலையில நான் பின்கதவச் சாத்தப் போனேன்ல. நிலையில ஒரு கயிறு வெறுமனே தொங்குச்சு. நுனியில முடிச்சு இருந்துச்சு. முடிச்சுல ஒண்ணுமில்ல. அங்கன கயிறு இருக்கு, கம்பி இல்ல. வண்டிக்கடியில கம்பி இருக்கு, கயிறு இல்ல."

இரண்டாவது சாவி ஆணியில் தொங்கிய வீடு. எங்களைக் கூலிக்கு அமர்த்திய வீடு.

"அந்தப் புள்ளையா? அப்பனை மாட்டி விடவா?"

"மாட்டி விட யாராவது வீட்டுத் தாழ்ப்பாளை அறுப்பாகளா?" என்றாள். "வாங்க, கேப்போம். திட்டாம கேளுங்க."

*

மாரிசெல்வி மறுக்கவில்லை. பல்கீஸ் அந்த வெறும் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றதுமே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு எல்லாரும் எங்கய்யாவத்தான் ஏசினாக. வண்டிய ஒழுங்கா வச்சிருந்தா இப்படி ஆகுமா, குடிகாரப்பய மாதிரி வச்சிருந்திருக்கான்னு. எங்கய்யா குடிக்கவே மாட்டாரு பாய். அந்த வண்டிய எங்களவிட நல்லாப் பாத்துக்கிட்டாரு. அதிகாரி வந்து பாக்கப் போறாருன்னாக. வண்டி உடைஞ்சு கிடக்கிறதப் பாத்தா டிரைவர் தப்புன்னுதான எழுதுவாரு? அதான் மத்தியானம் ஆளில்லாதப்ப சாவிய எடுத்துட்டுப் போயி..."

"உனக்குக் கிளட்ச் வேலை தெரியுமா?"

"எங்கய்யா அடியில படுத்திருக்கிறப்ப சாமான் எடுத்துக் குடுக்கிறது நான்தான். எது எங்கன இருக்கும்னு தெரியும்."

"வீட்டுல இரும்புக் கம்பி இல்லையா?" என்றேன். "போல்ட்டு ஒண்ணு கூடவா கிடைக்கல?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அடியில பெட்ரோல் ஒழுகிக் கிடந்துச்சு பாய். அங்கன இரும்ப வச்சா தட்டுவாக?"

பல்கீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதிகாரி வந்தார், மிதித்தார், கிளட்ச் நல்ல நிலையில் என்று எழுதினார். மாரிசெல்வி நிம்மதியாக இருந்தாள். அதன் பிறகுதான் அப்பனின் வக்கீல் விளக்கினார்: கிளட்ச் நன்றாக இருந்தால் அது விபத்து இல்லையம்மா, கொலை. அப்பனின் பெயரைக் காப்பாற்ற அவள் போட்ட பின்தான் அப்பனை உள்ளே தள்ளிப் பூட்டியது. சொன்னால் தன்னையும் பிடிப்பார்கள், அப்பனுக்கு ஆளே இல்லாமல் போகும் என்ற பயம். சொல்லாவிட்டால் அப்பன் போய்விடுவார். நடுவில் நின்றுகொண்டு, யாராவது தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று எங்களைத் தேடி வந்திருக்கிறாள்.

"உடைஞ்ச பின் எங்க புள்ள?"

"ரெண்டு துண்டையும் முந்தியில முடிஞ்சு வச்சிருந்தேன் அக்கா. மறுநாள் கம்பெனிக்குக் கூலி வாங்கப் போறப்ப வழியில கண்மாய்ல போட்டுரலாம்னு. கம்பெனி வேனு நிக்காமப் போயிருச்சு. வாசல்ல..."

"குருவம்மாள் எடுத்துட்டா" என்றாள் பல்கீஸ்.

"டின்னுல போட்டுட்டாக. அப்புறம் என்னைய உள்ளயே விடல."

நான் அதற்குள் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தேன். பட்டாசுக் கம்பெனி வாசலில் விழுந்த இரும்பு உள்ளேயும் போகாது, வெளியேயும் எளிதில் வராது. ஆனால் ஆயுத பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. பூசைக்குச் சுத்தம் செய்யும்போது டின்னில் இருப்பதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயந்தரச் சங்கு ஊதிவிட்டது. குருவம்மாள் டின்னைத் தூக்கி ஒரு தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பழைய இரும்புக்காரன் தராசோடு நின்றான்.

"தாயி, அத இறக்கு!" பல்கீஸ் ஓடிய ஓட்டத்தை அன்றுதான் பார்த்தேன். "என் ஊக்கு உள்ள கெடக்கு!"

"ஒரு ஊக்குக்கா மதினி இம்புட்டு மூச்சு வாங்குது?"

"எங்க வாப்பா சீதனமாக் குடுத்த ஊக்கு தாயி. கவுத்து, சொல்றேன்."

தரையில் சாக்கை விரித்துக் கவிழ்த்தோம். ஊக்கு, கொண்டை ஊசி, சாவி, அரை பிளேடு, குழந்தைக் கொலுசின் திருகு, ஒரு தேய்ந்த காந்தம். சங்கு ஊதி வெளியே வந்த பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். கதிரவனும் வந்து நின்றான். உடைந்த பின்னைத் தேடுகிறோம் என்றேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவனும் தேடினான்.

அவன் கையில்தான் கிடைத்தது. இரண்டு துண்டு. நடுவில் இடுப்பு சிறுத்து, தேய்ந்து, படியாகிப் போன எஃகுப் பின். உடைந்த முகத்தில் பாதி பழுப்பாகத் துரு. மீதிப் பாதி வெள்ளி மாதிரி மின்னியது. பாதி விரிசல் பழையது. மிச்சப் பாதி அந்த வெள்ளிக்கிழமை காலை உடைந்தது.

கதிரவன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னிடம் தந்தான்.

"ஸ்டேஷனுக்கு நானும் வாரேன் பாய்" என்றான்.

*

வேப்பமரத்தடியில் மெக்கானிக் ஒருவன் பித்தளைப் பின்னைக் கழற்றினான். சில முறை மிதித்ததற்கே அதில் பல் பதிந்தது போலத் தடம். உடைந்த எஃகுத் துண்டுகளை அந்த முட்டைத் துளைக்குள் வைத்தான். பழைய செருப்புக்குள் கால் போகிற மாதிரிப் போய் உட்கார்ந்தது. தேய்ந்த படி, தேய்ந்த விளிம்பில் பொருந்தியது. விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊர்க்காவலன் மாரிசெல்வியைப் பார்த்தார். "சாட்சியத்தக் கலைச்சிருக்க. ஒன் மேலயும் கேஸ் போடணும் தாயி. தெரியுமா?"

"போடுங்க சார்" என்றாள். இந்த முறை தரையில் உட்காரவில்லை. "எங்கய்யாவ விட்டுட்டுப் போடுங்க."

"அவரு அன்னைக்குக் கத்தினது மிரட்டல் இல்ல சார்" என்றான் கதிரவன். "எங்கப்பாவ எச்சரிச்சாரு. நான் எழுதித் தாரேன்."

திங்கட்கிழமை போகவிருந்த குற்றப்பத்திரிகை போகவில்லை. கொலைப் பிரிவு நீங்கியது. மாரிசெல்விக்கு மாஜிஸ்திரேட்டிடம் திட்டும் எச்சரிக்கையும் கிடைத்தன. நாகையா ஜாமீனில் வெளியே வந்த அன்று, சிறை வாசலில் நாங்களும் நின்றோம். இளைத்து, தாடியோடு வந்தார். மகளின் தலையைத் தொட்டார். வழியிலேயே யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"பின்கதவுத் தாழ்ப்பாளையா போட்ட?" என்றார்.

"ஆமாய்யா."

அவர் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆறு மாசம் கெஞ்சினேன் தாயி. நீ ஒரு மத்தியானத்துல மாத்திட்ட. ஒரே ஒரு நாளைக்கு முன்னாடி எனக்கு அது தோணியிருந்தா அவரு இருந்திருப்பாரு."

பல்கீஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்கூட்டர் பக்கம் நடந்தாள்.

திரும்புகிற வழியில், ஆமத்தூர் தாண்டியதும், என் தோளில் தட்டினாள்.

"மச்சான். கேபிள்."

"நாளைக்கு..."

"இன்னைக்கு."

அன்றைக்கே கடையில் நிறுத்தி மாற்றினேன். அந்தக் கேபிள் இன்னும் அறவில்லை. இழுத்தால் சத்தமே இல்லை. கேபிளைப் பற்றி மட்டும், பின் சீட்டிலும்தான்.